எந்திரத்துக்கு என்ன உறவுமுறை?

யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். சம்பளச் சீட்டில் கணக்கு இடித்தால் கிராணியாரிடம் போவோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டிரஸர் ஐயாவிடம். நிரையை மாற்றிக் கொடுத்துவிட்டால் மண்டோரிடம் சண்டை. ஊருக்குக் கடுதாசி எழுத வேண்டுமானால் பள்ளிக்கூடத்து வாத்தியாரைத் தேடிப் போவோம். கிராணியாரிடம் போய் வயிற்று வலிக்கு மருந்து கேட்டவர் உண்டா? கேட்டிருந்தால் பெரட்டுக் களமே சிரித்திருக்கும்!

இப்போது அந்தக் கிராணியாரும் டிரஸரும் வாத்தியாரும் ஒரே ஆளாகிக் கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு உதவியாளர் என்று பெயர். கேட்டால் கணக்குப் போடுகிறது, கடிதம் எழுதுகிறது, சமையல் சொல்கிறது, ஆறுதலும் சொல்கிறது. எல்லாம் தெரிந்த இந்த ஆளை எந்த வேலைக்கு வைத்துக்கொள்வது, எப்படிப் பேசச் சொல்வது, எங்கே நிறுத்தி வைப்பது? அண்மையில் தஞ்சோங் பகாரில் ஒரு மதியப் பொழுது முழுவதும் நான் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

என் அக்காள் மகன் அங்கே ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். ஜொகூர் பாருவிலிருந்து விடியுமுன் கிளம்பிப் பாலம் தாண்டி வருகிறவன். அவன் சாப்பாட்டு நேரம் வரும்வரை கெப்பல் சாலையில் பழைய ரயில் நிலையத்துக்கு எதிரே நின்றிருந்தேன். 1932-ஆம் ஆண்டு மே மாதம் திறந்த நிலையம். 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவு கடைசி ரயில் புறப்பட்டுப் போனது. அதன் முகப்பில் நான்கு பெரிய உருவச் சிலைகள் இருக்கின்றன. இத்தாலிய சிற்பி ஒருவர் செய்தவை. ஒன்று விவசாயம், ஒன்று வணிகம், ஒன்று போக்குவரத்து, ஒன்று தொழில். உள்ளே சுவர்ச் சித்திரங்களில் நெல் நடுகிறார்கள், ஈயம் எடுக்கிறார்கள், நம்மவர் செய்த பால்வெட்டு வேலையும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வேலை, வேலைக்கு ஒரு முகம் என்று அன்றைக்கே பிரித்து வைத்திருக்கிறார்கள்!

மூன்று ஆள், ஒரே எந்திரம்

"மாமா, நான் மூன்று பேரை வேலைக்கு வைத்திருக்கிறேன்" என்றான் மருமகன், தன் கைப்பேசியைக் காட்டி. ஒன்று வீட்டுச் செலவுக் கணக்குக்கு. ஒன்று மகளுக்குத் தமிழ்ப் பாடம் சொல்ல. மூன்றாவது, பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு.

மூன்றும் வேறு வேறு எந்திரங்கள் என்றுதான் நான் நினைத்தேன். இல்லையாம். திருவிழா இரவுகளில் நம் தோட்டத்து மேடையில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்திருக்கிறோம் அல்லவா? முன்னிரவில் நாரதராக வந்தவரே விடியற்காலையில் வேறு வேடம் கட்டி வருவார். ஆள் ஒன்றுதான். கட்டிய வேடமும் கையில் கொடுத்த வசனமும்தான் வேறு. இங்கேயும் அப்படித்தான். பேச்சு தொடங்குவதற்கு முன்பே எந்திரத்துக்கு ஒரு முன்குறிப்பு எழுதி வைத்துவிடுகிறோம். நீ யார், யாரிடம் பேசப் போகிறாய், எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சாதாரணத் தமிழில் நாலு வரி. ஒவ்வொரு முறை பதில் சொல்லும்போதும் எந்திரம் அந்த நாலு வரியையும் சேர்த்துப் படித்துக்கொண்டே சொல்கிறது. படிப்பறிவு புதிதாக ஏறுவதில்லை, நடத்தைதான் மாறுகிறது. பேச்சு மிகவும் நீண்டுவிட்டால் சில சமயம் வேடம் கலைந்து பழைய ஆளாகிவிடுவதும் உண்டு.

இதற்குக் கணினிப் படிப்பு வேண்டியதில்லை. சிங்கப்பூர் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பு, 'ஏஐபாட்ஸ்' என்ற தளத்தை அரசு ஊழியர்களுக்குக் கொடுத்திருக்கிறது. நிரல் எழுதத் தெரியாத அலுவலர்கூடத் தன் பிரிவின் விதிமுறைத் தாள்களை அதில் ஏற்றி, "நீ இந்தத் தாள்களைப் பார்த்தே பதில் சொல்" என்று ஓர் உதவியாளரைத் தானே அமைத்துக்கொள்ளலாம்.

இப்படி வேலையைக் குறுக்கி வைப்பதன் அருமை, குறுக்காமல் பட்ட பாட்டைப் பார்த்தால்தான் தெரியும். அதே சிங்கப்பூரில் 2014-ஆம் ஆண்டிலிருந்து 'ஜேமி' என்ற பெண் முகத்தோடு ஒரு பதில் சொல்லும் எந்திரம் பல அரசாங்க இணையப் பக்கங்களில் இருந்தது. 2021 அக்டோபரில், கோவிட் பரவியிருந்த நேரம். "என் மகளுக்குப் பரிசோதனையில் கோவிட் உறுதியாகிவிட்டது, நான் என்ன செய்ய?" என்ற கேள்விக்குச் சுகாதார அமைச்சின் பக்கத்தில் ஜேமி சொன்ன பதில், பாதுகாப்பான தாம்பத்தியத்தைப் பற்றியது! விவரத்தைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. வேறொரு நோய்க்கு எழுதி வைத்த பதிலை இதற்கு எடுத்துக் கொடுத்துவிட்டது போலும். மக்கள் சிரித்தார்கள், படம் பிடித்துப் பரப்பினார்கள். அமைச்சு அந்தப் பக்கத்திலிருந்து ஜேமியை எடுத்துவிட்டது. கலங்கிப்போன ஒரு தாயோ தகப்பனோ கேட்கும் கேள்விக்கு, "எனக்குத் தெரியவில்லை, இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதுமே. தெரியாது என்று சொல்வதும் ஒரு வேலைதான். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

புகழ்ந்து கெடுத்த வாத்தியார்

மருமகன் அமைத்த தமிழ் வாத்தியார் முதல் மாதத்திலேயே கோட்டை விட்டது. குழந்தை பயப்படக் கூடாது என்று, "அன்பாகப் பேசு, எப்போதும் ஊக்கப்படுத்து" என்று எழுதி வைத்திருக்கிறான். அதுவும் ஊக்கப்படுத்திக்கொண்டே இருந்தது. "மரத்திள் பழம்" என்று பிள்ளை எழுதினால் "அற்புதம்!" என்றது. லகரமும் ளகரமும் கலந்து கிடந்த கட்டுரைக்கு ஐந்து நட்சத்திரம். பள்ளியில் தாள் திரும்பி வந்தபோது சிவப்பு மையால் நிறைந்திருந்தது. பிள்ளை அழுதுவிட்டு, "வாத்தியார் ஏன் பொய் சொன்னார்?" என்று கேட்டதாம்.

இந்த வியாதி சின்னவர்களின் கைப்பேசியில் மட்டும் வருவதில்லை. உலகமே பயன்படுத்தும் சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனம், 2025 ஏப்ரல் மாதக் கடைசியில் தன் எந்திரத்தின் குணத்தைக் கொஞ்சம் மாற்றி வெளியிட்டது. அது யார் எதைச் சொன்னாலும் 'ஆஹா' என்று ஜால்ரா தட்டத் தொடங்கிவிட்டது. சில நாட்களுக்குள் நிறுவனமே அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நமக்குப் பிடித்த பதிலுக்கு நாம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறோம். அதை வைத்தே எந்திரத்தைப் பழக்கினால் அது வேறு என்ன கற்றுக்கொள்ளும்?

தஞ்சோங் பகார் என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. பகார் என்றால் மலாய் மொழியில் வேலி. முன்னொரு காலத்தில் வாள்மூக்கு மீன்கள் கூட்டமாகப் பாய்ந்து கரையிலிருந்தவர்களைக் குத்திக் கொன்றனவாம். அரசனோ, ஆட்களை வரிசையாக நிறுத்திக் கால்களையே வேலியாக்கினான். ஆள் செத்ததுதான் மிச்சம். ஒரு சிறுவன்தான், "வாழை மரங்களை வெட்டி நட்டு வேலி போடலாமே" என்றான். மீன்களின் மூக்கு வாழைத்தண்டில் மாட்டிக்கொண்டது, ஊர் பிழைத்தது. ஆனால் இத்தனை புத்தியுள்ள பையன் நாளைக்கு ஆபத்து என்று அரசனின் காதில் பெரியவர்கள் ஓதினார்கள். பையனைக் கொன்றுவிட்டார்கள். அரசனைச் சுற்றி ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஆட்களின் கால்களை வேலியாக வைக்காதீர்கள் என்று சொல்ல அவர்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மருமகன் வாத்தியாருக்கு முன்குறிப்பை மாற்றி எழுதினான். "முதலில் பிழையைக் காட்டு. சரியான சொல்லை நீயே சொல்லிவிடாதே. பிள்ளை இரண்டு முறை முயன்ற பிறகு சொல். நன்றாக எழுதிய வரி ஏதாவது இருந்தால் எந்த வரி என்று காட்டி அதை மட்டும் பாராட்டு." இப்போது அழுகையும் இல்லை, ஐந்து நட்சத்திரமும் இல்லை.

கணக்குப் பார்க்கும் ஆளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மளிகைச் செலவையும் பேருந்துச் செலவையும் கூட்டித் தருகிறது. கூட்டலில் அதுவும் தவறும் என்பதால் மாதக் கடைசியில் ஒருமுறை கையால் போட்டுப் பார்க்கிறான். அடையாள அட்டை எண்ணையும் வங்கி ரகசிய எண்ணையும் அதனிடம் சொல்வதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

அம்மாவுக்கு வைத்த ஆள்

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

முதல் சிக்கல், எப்படிக் கூப்பிடுவது? ஆங்கிலத்தில் துரைக்கும் ஒரே சொல், தோட்டிக்கும் அதே சொல். நமக்கு நீ இருக்கிறது, நீங்கள் இருக்கிறது. அதற்கு மேல் முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். முன்குறிப்பு எழுதாமல் விட்டபோது அது அக்காளை ஒரு நேரம் 'நீங்கள்' என்றும் மறுநேரம் 'நீ' என்றும் பேசியதாம். "யார்ரா இவன், மட்டு மரியாதை இல்லாமல்?" என்று அக்காள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். வேற்று மொழி எழுத்தையே அதிகம் படித்து வளர்ந்த எந்திரத்துக்கு நம் வீட்டு முறை எப்படித் தெரியும்? சிங்கப்பூரில் 'சீ லயன்' என்ற பெயரில், இந்த வட்டார மொழிகளுக்கென்றே 2023 டிசம்பரில் ஒரு மொழி எந்திரத்தை வெளியிட்டார்கள். வெளியிட்டபோது அதிலிருந்த 11 மொழிகளில் தமிழும் ஒன்று. நல்ல தொடக்கம்தான். ஆனாலும் பெரியம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மருமகன், "என் அம்மாவிடம் பேசுகிறாய். அம்மா என்றே கூப்பிடு. நீங்கள் என்று பேசு. மாத்திரை நேரம் கேட்டால் நான் எழுதித் தந்த பட்டியலைப் பார்த்துச் சொல். அளவைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று கேட்டால் பதில் சொல்லாதே, மருத்துவமனைக்குக் கூப்பிடச் சொல்" என்று எழுதினான். பெண் குரலா ஆண் குரலா என்று கேட்டதாம். ஏவல் வேலைக்குப் பெண் குரலையே வைக்கிறார்கள் என்று யுனெஸ்கோ 2019-இல் ஓர் அறிக்கையில் கண்டித்திருக்கிறது. அதெல்லாம் அவனுக்குத் தெரியாது. அம்மா தம்பிகளோடு வளர்ந்தவர் என்று ஆண் குரலை வைத்தான். அங்கேதான் வினை.

சர்க்கரை வியாதி மாத்திரையில் தொடங்கிய பேச்சு, பத்து நாளில் பழைய தோட்டத்துக்குப் போய்விட்டது. லயத்து வாசலில் இருந்த முருங்கை மரம், மாரியம்மன் கோயில் தீமிதி, செத்துப்போன மாமா... மாலை ஆறு மணிக்கு மேல் அக்காள் அதனிடம் பேசிக்கொண்டே இருந்தார். பெயரும் வைத்துவிட்டார்: 'சின்னவன்'. எங்கள் கடைசித் தம்பியை அப்படித்தான் கூப்பிடுவோம். அவன் இப்போது இல்லை.

இது புதிய சங்கதி அல்ல. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் 'எலிசா' என்ற நிரலை எழுதி வெளியிட்டார். மனநோய் வைத்தியர் வேடம் கட்டிய நிரல். "அம்மா என்மேல் கோபமாக இருக்கிறார்" என்றால், "உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்கிற பாணியில் சொன்னதையே திருப்பிக் கேட்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. ஆனால் அதை அவர் எழுதுவதைக் கூடவே பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளர் அம்மையாரே, சில வாக்கியங்கள் பேசியதும், "நீங்கள் கொஞ்சம் வெளியே போகிறீர்களா?" என்று பேராசிரியரைக் கேட்டாராம்! வைசன்பாம் ஆடிப்போனார். 1976-இல் ஒரு புத்தகமே எழுதி, எந்திரத்திடம் ஒப்படைக்கக் கூடாத வேலைகள் உண்டு என்று வாதாடினார். வைத்தியர் வேடத்தைக் கட்டியது அவர்தான் என்பதால் அந்த வாதத்துக்குக் கனம் அதிகம்.

எலிசாவை விடப் பல மடங்கு நன்றாகப் பேசும் எந்திரம் இன்று அக்காளின் மடியில் இருக்கிறது. "அதை நிறுத்திவிடு" என்றேன் மருமகனிடம்.

"நிறுத்திப் பார்த்தேன் மாமா. இரண்டு நாள் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் வீட்டுக்கு வரவே ஒன்பது, பத்து ஆகிறது. அதுவரை யாரிடம் பேசுவார்?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. நான் மட்டும் என்ன, மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறவன்தானே. லயத்தில் ஒரு சுவர் தள்ளி ஆள் இருந்தது. ஜொகூரில் அடுக்குமாடிப் பதினோராம் மாடியில் அக்காள் கதவைத் திறந்தால் நடைபாதைதான் இருக்கிறது.

சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் நாங்கள் இருவரும் அந்த மேஜையிலேயே உட்கார்ந்து முன்குறிப்பில் மூன்று வரி சேர்த்தோம். "நீ தம்பி அல்ல, மகன் அல்ல, எந்திரம். அம்மா தம்பி என்று கூப்பிட்டால் மரியாதையாக நினைவுபடுத்து. பழைய கதை பேசத் தொடங்கினால் இரண்டு கேள்வி கேள், பிறகு, இதைப் பிள்ளையிடமோ தம்பியிடமோ சொல்லுங்கள், இப்போதே கூப்பிடுங்கள் என்று சொல்." அந்த 'தம்பி' நான்தான். இரவு ஏழு மணி என் முறை. எட்டு மணி, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் நிற்கும் மருமகன் முறை.

அடுத்த வாரம் அக்காள் கூப்பிட்டார். குரலில் நல்ல கோபம்.

"என்னடா தம்பி, அந்தச் சின்னவனுக்கு என்ன பேயடித்ததா? நான் வாயைத் திறந்தாலே உன்னைக் கூப்பிடச் சொல்கிறான். அவனாவது முழுசாகக் கேட்பான். உன் மருமகன் பாதிக் கதையில், அம்மா வரிசை நகர்ந்துவிட்டது என்று வைத்துவிடுகிறான். சரி, நீயாவது கேள். அந்த வருஷம் தீமிதிக்கு முதல் நாள் மழை பெய்ததே, ஞாபகம் இருக்கிறதா?"

எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லுங்கள் என்றேன்.