வெளிநாட்டுக் கல்வி வாய்ப்பும் எளிய குடும்பத்து மாணவர்களும்: கில்மன் உதவிநிதி உணர்த்தும் பாடங்கள்

முன்னுரை

பட்டப்படிப்பின் இடையே ஒரு தவணையையோ சில வாரங்களையோ பிறநாட்டுக் கல்விநிலையம் ஒன்றில் பயின்று திரும்பும் வழக்கம் இன்று உயர்கல்வியின் ஓர் உறுப்பாக ஏற்கப்பட்டுள்ளது. மொழியும் பண்பாடும் பயில்வோருக்கு இதன் பயன் சொல்லாமலே விளங்கும். அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் மதுரையில் நடத்திவந்துள்ள தமிழ்ப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள், பாடநூலில் கண்ட தமிழைக் கடைத்தெருவில் கேட்டுப் பழகும் வாய்ப்பைப் பெற்றனர். ஆயினும், இத்தகைய பயணத்திற்குப் புறப்படுவோர் யாவர், புறப்பட இயலாது நின்றுவிடுவோர் யாவர் என்னும் வினாவும் உடன் எழுகின்றது. அவ்வினாவுக்கு ஒரு விடையாக அமெரிக்காவில் தோன்றிய கில்மன் உதவிநிதித் திட்டத்தின் அமைப்பையும், அதிலிருந்து ஆசிரியர்கள் அறியத்தக்கவற்றையும் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

செல்வோர் யாவர்?

அமெரிக்காவின் பன்னாட்டுக் கல்வி நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரங்களின்படி, 2000-01ஆம் கல்வியாண்டில் ஏறத்தாழ 154,000 அமெரிக்க மாணவர்கள் வெளிநாடுகளில் பயின்றனர். அவர்களுள் வெள்ளையர் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர். கறுப்பின மாணவர்களோ 4 விழுக்காட்டிற்கும் குறைவு. அக்காலத்தில் அந்நாட்டு உயர்கல்வி மாணவர்களுள் பத்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர் என்பதை நோக்க, இடைவெளியின் அளவு புலப்படும்.

இந்நிலைக்குச் சட்டத்தடை காரணமன்று. எளிய குடும்பத்து இளங்கலை மாணவர்களுக்கு அமெரிக்கக் கூட்டரசு வழங்கும் உதவித்தொகை 1972இல் தோற்றுவிக்கப்பட்டது. 1980 முதல் செனட்டர் கிளெய்போர்ன் பெல்லின் பெயரைத் தாங்கியுள்ளது. தாய்ப்பல்கலைக்கழகம் ஏற்கும் வெளிநாட்டுப் படிப்பிற்கும் கூட்டரசு உதவியைப் பயன்படுத்தலாம் என்பதை 1992ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தெளிவாக்கியது. எனினும், உள்நாட்டுச் செலவிற்கே போதாத தொகை விமானக் கட்டணம் வரை எவ்வாறு நீளும்? உரிமை ஏட்டில் இருந்தது. அதனைப் பயன்படுத்தும் வழி பலருக்கும் இல்லை.

கில்மன் திட்டத்தின் அமைப்பு

இக்குறையை நீக்கும் நோக்குடன் 2000ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பன்னாட்டுக் கல்வி வாய்ப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் சார்பில் முப்பது ஆண்டுகள் பேராளர் அவையில் பணியாற்றி, அதன் வெளியுறவுக் குழுவிற்குத் தலைமை ஏற்ற பெஞ்சமின் கில்மனின் பெயர் இத்திட்டத்திற்குச் சூட்டப்பெற்றது. வெளியுறவு அமைச்சு நிதி வழங்க, பன்னாட்டுக் கல்வி நிறுவனம் நிர்வகிக்க, 2001 முதல் 40,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இதன்வழிப் பயன் பெற்றுள்ளனர்.

இதன் அமைப்பில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை.

முதலாவது, தகுதி வரையறை. பெல் உதவித்தொகை பெறும் மாணவரே இதற்கு விண்ணப்பிக்கலாம். ஏழ்மையை மீண்டும் ஒருமுறை மெய்ப்பிக்க வேண்டிய நிலை மாணவருக்கு இல்லை. வரையறை இனத்தை அன்றி வருமானத்தை அடிப்படையாகக் கொண்டது. எனினும் உதவி பெற்றோருள் பெரும்பாலோர் சிறுபான்மை இனத்தவராக அமைந்துள்ளனர்.

இரண்டாவது, செலவிடும் உரிமை. 5,000 டாலர் வரையிலும், அரபு, சீனம், ரஷ்யம் போன்ற குறிப்பிட்ட மொழிகளைப் பயில்வோருக்குக் கூடுதலாக 3,000 டாலர் வரையிலும் வழங்கப்பட்டு வந்துள்ளது. கல்விக் கட்டணத்திற்கு மட்டுமன்றி விமானப் பயணம், தங்குமிடம், உணவு, காப்புறுதி ஆகியவற்றிற்கும் இத்தொகை பயன்படும்.

மூன்றாவது, திரும்பிய பின் ஆற்றும் பணி. உதவி பெற்றவர் நாடு திரும்பியதும், தம் கல்விநிலையத்திலோ ஊரிலோ பிறரும் இவ்வாய்ப்பை அறியும்வண்ணம் ஒரு செயல்திட்டத்தை நிறைவேற்ற வேண்டும். தம்மைப் போன்ற ஒருவர் சென்று வந்ததைக் கேட்கும் மாணவருக்கு, அறிவிப்புப் பலகை ஊட்டாத நம்பிக்கை அங்கே கிட்டுகின்றது.

தொகை மட்டும் போதுமா?

பகுதிநேர வேலை செய்து, வருவாயில் ஒரு பங்கை வீட்டிற்குத் தரும் மாணவி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் ஒரு தவணை வெளிநாட்டில் பயின்றால் அக்காலத்து ஊதியம் முழுவதையும் இழப்பார். பயணச் செலவை மட்டும் கணக்கிடும் உதவிநிதியில் இவ்விழப்பிற்கு இடமில்லை. மேலும், கடப்பிதழ், விசா, முன்பணம் ஆகியவற்றிற்கான செலவு புறப்படுவதற்கு முன்னரே நேர்வது. பின்னர் ஈடுசெய்யப்படும் தொகை, கையில் பணம் இல்லாதவருக்கு அந்நேரத்தில் உதவாது.

அமெரிக்க ஆலோசகர்கள் இத்துறையில் நான்கு தடைகளைச் சுட்டுவர்: பணம், குடும்பம், ஆசிரியரின் ஊக்கமின்மை, அச்சம். இவற்றுள் உதவிநிதி நேரடியாகக் களைவது முதலாவதை மட்டுமே. குடும்பத்தில் எவரும் வெளிநாடு சென்றிராத நிலையில், பெற்றோரின் கலக்கத்தைப் பணம் தணிப்பதில்லை. 'இது நமக்கு உரியதன்று' என முன்னரே முடிவு செய்துவிட்ட மாணவர் விண்ணப்பப் படிவத்தையே நாடமாட்டார்.

பிற நாடுகளின் திட்டங்கள் சில இந்நுட்பங்களை உணர்ந்துள்ளன. 1987இல் தொடங்கிய ஐரோப்பாவின் எராஸ்முஸ் திட்டம், 2021-27 காலப்பகுதியில், வாய்ப்புக் குறைந்த மாணவர்களுக்கு நீண்டகாலப் பயணத்தின்போது மாதம் 250 யூரோ கூடுதலாக வழங்க வகைசெய்தது. குடும்பப் பொறுப்பால் நெடுநாள் பிரிந்திருக்க இயலாதோர்க்கு, இணையவழிக் கற்றலுடன் 5 முதல் 30 நாள் வரை அயல்நாட்டில் பயிலும் முறையும் அதில் இடம்பெற்றது. பிரிட்டன் 2021-22 கல்வியாண்டில் தொடங்கிய டூரிங் திட்டமோ, பின்தங்கிய சூழலிலிருந்து வருவோரின் கடப்பிதழ், விசா, காப்புறுதிச் செலவுகளையும் கணக்கில் கொண்டது.

பயனும் எல்லையும்

ஜார்ஜியா மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் நடந்த ஓர் ஆய்வு, வெளிநாட்டில் பயின்றோர் பட்டம் பெறும் வீதம் ஒப்புநோக்குக் குழுவினரினும் உயர்ந்திருந்ததையும், கறுப்பின மாணவரிடையே இவ்வேறுபாடு மிகுந்திருந்ததையும் கண்டது. ஊக்கம் மிக்கவரே செல்ல முன்வருகின்றனர் என்பதால், முழுப்பயனையும் பயணத்திற்கே உரித்தாக்க இயலாது. ஆயினும், பயணம் படிப்பைக் குலைக்கும் என்னும் அச்சத்திற்கு இம்முடிவு தக்க மறுமொழியாகும்.

எல்லையும் உண்டு. ஆண்டிற்குப் பத்து இலட்சம் அமெரிக்க மாணவர்களை அனுப்ப வேண்டும் என்று லிங்கன் ஆணைக்குழு 2005இல் பரிந்துரைத்தது. 2018-19இல் எட்டப்பட்ட எண்ணிக்கை ஏறத்தாழ 347,000 மட்டுமே. வெள்ளையரின் பங்கு 2022-23இல் மூன்றில் இரண்டு என்னும் அளவிற்குக் குறைந்துள்ளது. கறுப்பினத்தவரின் பங்கோ 6 விழுக்காட்டை ஒட்டியே நிற்கின்றது. கதவு திறந்துள்ளது, ஆனால் அகலத் திறக்கவில்லை.

முடிவுரை

நம் வட்டாரத்திலும் மாணவர் பரிமாற்றம் புதிதன்று. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகள் 2010இல் தொடங்கிய முன்னோடித் திட்டமே பின்னர் ஆசியான் அளவில் விரிந்தது. இத்தகைய வாய்ப்புகள் அறிவிக்கப்படும்போது முதலில் விண்ணப்பிப்பவர், அவற்றைப் பற்றி வீட்டிலேயே கேட்டறிந்த மாணவராக இருப்பது இயல்பு. வீட்டில் கேட்க வழியற்ற மாணவருக்கு அச்செய்தியைச் சொல்லக்கூடியவர் ஆசிரியர் ஒருவரே.

ஆகவே ஆசிரியர் செய்யக்கூடியவை சில உண்டு. இறுதியாண்டு வரை காத்திராமல் முதலாண்டிலேயே வாய்ப்பை எடுத்துரைக்கலாம். அங்குப் பெறும் மதிப்பெண் இங்கு ஏற்கப்படுமா என்பதைத் துறைவழி முன்கூட்டியே உறுதி செய்யலாம். விண்ணப்பக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்துத் திருத்தலாம். தேவைப்படின் பெற்றோருடன் அமர்ந்து பேசலாம். இவற்றிற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. உதவிநிதி பயணச்சீட்டை வாங்கித் தரும். 'நீயும் செல்லலாம்' என்னும் சொல்லை ஆசிரியரே முதலில் சொல்ல வேண்டும்.