ரூட் கெனால் செய்த பல்... உள்ளே போடும் பசை எவ்வளவு உறுதி?

பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் ரூட் கெனாலுக்குத் தலையாட்டுகிறோம். நாலு நடை நடந்து, ஆயிரக்கணக்கில் செலவழித்து முடிக்கிறோம். இரண்டே வருடத்தில் அதே பல் மறுபடி வீங்கினால்? அதற்கான காரணங்களில் ஒன்று கண்ணுக்கே தெரியாது. வேருக்குள் பூசிய மெல்லிய பசை அது. பெயர், சீலர்.

கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில் பொத்தேரி, ரத்தினமங்கலம், கேளம்பாக்கம் என்று பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். படிப்பவர்கள் கட்டாயம் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். வேர் சிகிச்சைப் பிரிவில் அதற்கு அடிக்கடி எடுக்கப்படும் தலைப்புகளில் ஒன்று, 'எந்த சீலர் பல் சுவரில் நன்றாக ஒட்டுகிறது?'

பசை எதற்கு?

கிருமி தாக்கிய பல் கூழை எடுத்துவிட்டு, வேரின் காலிக் குழாயை கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் நிரப்புவார்கள். மலேசியப் பக்கத்து மரப்பால் அது. மரம், நம் ஊர் இலுப்பையின் குடும்பம். 1867-லிருந்து பல்லுக்குள் பயன்பட்டாலும் அதற்கு ஒரு குறை உண்டு. தானாகப் பல்லில் ஒட்டாது. அந்த இடைவெளியை அடைப்பதுதான் சீலரின் வேலை. அடைபடாமல் விட்டால் கிருமி மறுபடி குடியேறும்.

இன்று அதிகம் புழங்குபவை இரண்டு வகை. ஒன்று எபாக்சி ரெசின். ஒழுகும் குழாயில் பிசைந்து ஒட்டுகிறோமே எம்-சீல், அதற்கு உறவு. இன்னொன்று பயோசெராமிக். கட்டட சிமென்டுக்குச் சொந்தம். பல்லில் உள்ள ஈரத்தை வாங்கியே இறுகும்.

வேரை வட்டமாக நறுக்கி...

சிகிச்சைக்காகப் பிடுங்கிய பற்களில்தான் சோதனை. நிரப்பிய வேரை வாழைத்தண்டு போல ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய வில்லைகளாக நறுக்குவார்கள். நடுவில் இருக்கும் நிரப்பியை ஒரு சிறு கம்பியால் இயந்திரம் தள்ளும். எவ்வளவு அழுத்தத்தில் பிய்த்துக்கொண்டு வருகிறதோ அதுதான் ஒட்டும் வலு. பெரும்பாலான ஆய்வுகளில் எபாக்சி நல்ல மதிப்பெண் வாங்குகிறது.

ஆனால், பசை மட்டும் போதாது. ஃபைபர் படகில் ஓட்டை விழுந்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்துக் காயவைத்த பிறகுதான் ஒட்டுப் போடுவார்கள். அழுக்கின் மேல் ஒட்டினால் உரிந்துவிடும். பல்லும் அப்படித்தான். வேரைத் தேய்க்கும்போது சுவரில் மாவு போன்ற படலம் படியும். அது சுவரிலுள்ள நுண்ணிய துளைகளை மூடிவிடும். இ.டி.டி.ஏ. என்ற திரவத்தால் அதைக் கழுவினால்தான் பசை துளைகளுக்குள் இறங்கிப் பிடிக்கும்.

நம்பி ஏமாந்த கதை

2004-ல் ரெசிலான் என்ற புதுப் பொருள் வந்தது. பல், பசை, நிரப்பி மூன்றும் ஒரே கட்டியாகிவிடும் என்றார்கள். ஆனால், பசை இறுகும்போது சுருங்கிச் சுவரை விட்டு விலகியது. நாளாக ஆக, பொருளே சிதைந்தது. பழைய கட்டாபெர்ச்சாவைவிட அதிகம் தோற்றதாக நீண்டகால ஆய்வுகள் காட்டின. ஆய்வுக்கூட மேஜை வேறு, எச்சிலும் மெல்லும் அழுத்தமும் உள்ள வாய் வேறு!

கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள்

வேர் நிரம்பினால் வேலை முடிந்ததா? 1995-ல் ரே, ட்ரோப் என்ற ஆய்வாளர்கள் 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தார்கள். வேரை நிரப்பிய தரத்தைவிட, மேலே மூடிய தரமே வேர் நலத்தோடு அதிகம் தொடர்புடையதாக இருந்தது. இரண்டுமே முக்கியம் என்கின்றன பிந்தைய ஆய்வுகள்.

வலி போனதும் 'கேப் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடுவதில்தான் ஆபத்து. தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான். அது உடைந்தால் எச்சில் வழியே கிருமி உள்ளே இறங்கும். கேப் போடாத கடைவாய்ப் பல், முறுக்கைக் கடித்தாலே பிளக்கலாம். பிளவு வேர்வரை போனால் பிடுங்குவதைத் தவிர பெரும்பாலும் வழியில்லை.

சிகிச்சை முடியும் அன்று டாக்டரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: வேர் நுனிவரை நிரம்பியதா, எக்ஸ்ரேயைக் காட்ட முடியுமா? தற்காலிக அடைப்பு எத்தனை நாள் தாங்கும்? கேப் எப்போது போட வேண்டும்?