களு கங்கை வேகம் இழக்கும் இடம்

சிவனொளிபாத மலையில் பிறந்து களுத்துறையில் கடலைச் சேரும் களு கங்கையின் நீளம் 129 கிலோமீட்டர். மலையின் உயரம் 2,243 மீட்டர். ஏறக்குறைய அந்த உயரம் முழுவதையும் முதல் 36 கிலோமீட்டருக்குள்ளேயே ஆறு இறங்கித் தீர்த்துவிடுகிறது. மிச்சமுள்ள தொண்ணூறு சொச்சம் கிலோமீட்டரில் இறங்குவதற்கு இருபது மீட்டர்கூட இல்லை. பாய்ச்சல் அடங்கி நடை தொடங்கும் அந்தப் பகுதியில்தான் இரத்தினபுரி இருக்கிறது. ஊருக்குப் பெயர் தந்த கற்களும் ஊரை முக்கும் வெள்ளமும் இந்த ஒரே காரணத்தால் வந்தவை.

கற்கள் இங்கே பிறந்தவை அல்ல. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இலங்கை, தென்னிந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் ஒரே நிலமாக நெருக்கப்பட்டபோது, பல கிலோமீட்டர் ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் பாறைகள் புதிதாக உருமாறின. அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்து படிகமான இடத்தில் சிறிது இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலம். குரோமியம் கலந்தால் சிவப்பு. காங்கேயத்திலும் மடகஸ்காரிலும் இன்று மாணிக்கக் கற்கள் கிடைப்பதற்கு அந்தப் பழைய அண்டைவீட்டு உறவே காரணம்.

பிறகு மலை தேய்ந்தது. மழை பாறையை அரித்தது, ஆறு அதை அள்ளிக்கொண்டு வந்தது. வேகம் இருக்கும்வரை எல்லாவற்றையும் சுமக்கும் தண்ணீர், வேகம் குறைந்ததும் முதலில் இறக்கி வைப்பது கனமானதைத்தான். சாதாரண மணலான குவார்ட்சு தண்ணீரைப்போல் 2.65 மடங்கு கனம். நீலக்கல் 4 மடங்கு. இப்படித் தங்கிய கூழாங்கல் படுகைக்கு இங்கே ‘இல்லம்’ என்று பெயர். ஆறு தடம் மாறிப் போன இடங்களில் அதன்மேல் வண்டல் மூடியிருக்கிறது. அதனால்தான் ஆற்றிலிருந்து தள்ளி, வயலின் நடுவிலும் குழி தோண்டுகிறார்கள்.

குழியின் பக்கங்கள் சரியாமல் இருக்க மரச்சட்டம் கட்டி, இடையில் பெரணித் தழையைச் செருகுவார்கள். உள்ளே ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே வந்த இல்லத்தைப் பிரம்புக் கூடையில் போட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சுழற்றுவார்கள். சுளகில் புடைக்கும்போது உமி வெளியேறுவதுபோல, மண்ணும் இலேசான மணலும் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். கனமானவை அடியில் சேரும். கடைசியில் கூடையை வெயிலுக்குச் சாய்த்து, விரலால் பரப்பிப் பார்ப்பார் கண் பழகிய ஒருவர். ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாகச் செய்த வேலையின் கடைசிக் கட்டம்தான் அது. விதி ஒன்றே, கருவிதான் வேறு.

இந்த மண்ணின் புகழ் பழையது. 1344இல் இலங்கை வந்த இபன் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் இருந்த மாணிக்கக் கற்களைக் கண்டு வியந்தார். அந்தத் தமிழ் மன்னன் செய்துகொடுத்த ஏற்பாட்டில்தான் சிவனொளிபாதம் ஏறினார்.

  

இனி வெள்ளம். தென்மேற்குப் பருவக்காற்று மேல்மலையில் மோதிக் கொட்டும் தண்ணீர் சில மணி நேரத்தில் கீழே வந்துவிடும். வந்த வேகத்தில் கடலுக்குப் போகச் சரிவு இல்லை. போதாததற்கு வே கங்கையும் இங்கேயே வந்து சேர்கிறது. தண்ணீருக்கு ஊருக்குள் ஏறுவதைத் தவிர வழி ஏது? 2003 மே மாதமும் 2017 மே மாதமும் அப்படித்தான் நடந்தது. அதே மழை மலைச்சரிவில் இருப்பவர்களை மண்சரிவாகத் தாக்குகிறது. இரண்டு ஆண்டுகளிலும் தீவில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்ததும் லயத்தைவிட்டு இறங்கும் தோட்டக் குடும்பத்துக்கு, கீழே போய்ச் சேரும் நகரமும் தண்ணீரில் கிடக்கிறது என்பது இந்த நிலத்தின் கொடுமை.

கற்களோடு வேறொன்றையும் ஆறு புதைத்து வைத்தது. கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல, மாணிக்கக் குழிகளில் வெளிவந்த எலும்புகளையும் பற்களையும் சேகரித்து ஆராய்ந்தார். அவற்றில் காண்டாமிருகம் இருந்தது, நீர்யானை இருந்தது. குருவிட்டப் பக்கம் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு, இலங்கையில் ஒருகாலத்தில் சிங்கம் வாழ்ந்தது என்று 1939இல் எழுதினார். கொடியில் மட்டும் காணும் விலங்கு இந்தப் பள்ளத்தாக்கில் நடமாடியிருக்கிறது! அந்த விலங்குகளைப் பற்றி இன்னும் அறிய வேண்டியது ஏராளம். அதற்கான சான்று குழிகளுக்குள்தான் கிடக்கிறது. இல்லம் கழுவும்போது கறுத்துக் கனத்த பல்லோ எலும்போ கையில் தட்டுப்பட்டால், கழிவுக் குவியலில் எறியாமல் நூதனசாலைக்குச் சொல்லி அனுப்புங்கள்.