உப்புச் சர்க்கரைத் தண்ணியும் ஜி புரதமும்

பேதி ஆகிறவங்களுக்குத் தண்ணி குடுத்தா இன்னும் அதிகமாப் போகும்னு சொல்றவங்க நம்ம கடையநல்லூர்ல இப்பவும் இருக்காங்க. எங்க தெருவிலேயும் உண்டு. அது ஏன் தப்பு என்று புரிய, நம் செல்லுக்குள் இருக்கும் ஜி புரதம் பற்றித் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு சவ்வு இருக்கிறது. பல ஹார்மோன்கள் அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. ஆனால் அவை கொண்டுவந்த சேதி மட்டும் உள்ளே போய்விடும். எப்படி?

ஒரு வீட்டை நினைச்சுக்கோங்க. விருந்தாளி வாசலோடு நிற்கிறார். வாசலில் இருப்பவர், யார் வந்திருக்கிறார் என்று பார்த்து, நடையில் தூங்கும் பையனைத் தட்டி எழுப்புகிறார். அவன் அடுப்படிக்கு ஓடிச் சேதி சொல்லிவிட்டு, திரும்பி வந்து படுத்துக்கொள்கிறான். விருந்தாளிதான் ஹார்மோன். வாசலில் இருப்பவர் ஏற்பி. அந்தப் பையன்தான் ஜி புரதம்!

இந்த ஏற்பி, சவ்வை ஏழு தடவை ஊடுருவி நெளிந்து கிடக்கும் ஒரு புரதம். மனிதருக்கு இந்த வகை ஏற்பிகள் சுமார் 800 உண்டு. அதில் பாதி வாசனை அறிவதற்கு மட்டுமே. மல்லிகைப்பூ மணப்பதும், நாய் துரத்தினால் நெஞ்சு படபடப்பதும் இவற்றால்தான்.

ஜி புரதம் தூங்கும்போது குவனோசின் டை பாஸ்பேட்டைப் பிடித்திருக்கும். ஏற்பி தட்டியதும் அதை விட்டுவிட்டு, குவனோசின் டிரை பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு எழும். (சுருக்கி எழுதினா தமிழ்ல ரெண்டுமே ஜி.டி.பி.ன்னு வந்துருது, அதான் முழுசா எழுதுறேன்!) எழுந்ததும் ஒரு நொதியை முடுக்கும். அந்த நொதி சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருளை நிறையத் தயாரித்து, செல் முழுதும் சேதியைப் பரப்பும். பிறகு ஜி புரதம் தன் கையிலுள்ள மூன்று பாஸ்பேட்டில் ஒன்றைத் தானே வெட்டிவிட்டு, மறுபடி தூங்கப் போய்விடும். இதைக் கண்டறிந்த ராட்பெல், கில்மேன் இருவருக்கும் 1994ல் நோபல் பரிசு கிடைத்தது.

தானே வெட்ட முடியாமல் போனால்? அதுதான் காலரா. நம்ம ஆச்சிமார் வாந்திபேதி என்று சொல்லும் அதே நோய்.

1884ல் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தார். ஆனால் அது எப்படிக் கொல்கிறது என்பது வெகுகாலம் விளங்கவில்லை. 1959ல் அதே கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற மருத்துவர், கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாமல் முயலின் குடலில் செலுத்தினார். குடலில் தண்ணீர் நிரம்பியது! கிருமி வெளியிடும் நச்சுதான் காரணம் என்று நிரூபித்தார். அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

அந்த நச்சு, குடல் செல்லுக்குள் போய் ஜி புரதத்தின் மேல் ஒரு துண்டை ஒட்டிவிடுகிறது. அப்புறம் அதால் பாஸ்பேட்டை வெட்ட முடியாது. பையன் திரும்பிப் படுக்காமல் கத்திக்கொண்டே இருக்கிறான். செல்லும் குளோரைடை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதன் பின்னாலேயே சோடியமும் தண்ணீரும் போகின்றன. நோய் கடுமையானால் ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர் வரை போகலாம், அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி.

அதாவது, நாம் குடிக்காவிட்டாலும் அது நிற்காது. உடம்பில் இருக்கிற தண்ணீர்தான் போகும்!

ஆனால் வீட்டுக்குப் புறவாசலும் உண்டே! குடல் செல்லில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து நுழையும் வழி ஒன்று இருக்கிறது. காலரா நச்சு அதைக் கெடுப்பதில்லை. உப்பும் சர்க்கரையும் அதன் வழியே உள்ளே போனால் தண்ணீரும் கூடவே போகும். வெறும் உப்போ வெறும் சர்க்கரையோ போதாது, ஜோடியாக வர வேண்டும்.

1971ல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. டிரிப் பாட்டில் தீர்ந்துபோனது. திலீப் மஹலனோபிஸ் என்ற மருத்துவர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். 100 நோயாளிகளில் சுமார் 30 பேர் இறந்த நிலை மாறி, 4 பேருக்கும் குறைவானது. 2022ல் அவர் இறந்த பிறகு பத்ம விபூஷண் விருது அளித்தார்கள்.

எல்லாப் பேதியும் காலரா இல்லை. ஆனால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் இந்தத் தண்ணீர் உதவும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்கும். அது இல்லையென்றால், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது, ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகக் குடுக்கணும். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி குடுக்கணும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் உள்ளே போய், ஒண்ணுக்கே போகாம, சோர்ந்து தூங்கிக்கிட்டே இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. போற வழியிலேயும் குடுத்துக்கிட்டே போங்க.