பவளத் தொட்டியில் படரும் சிவப்புப் படலம்

வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிகளில், மணலிலும் பாறையிலும் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ வழுவழுவென்று ஒரு படலம் படர்வதுண்டு. வளர்ப்போர் அதைச் சிவப்புப் பாசி என்கிறார்கள். உண்மையில் அது பாசி அல்ல. சயனோபாக்டீரியா என்னும் பாக்டீரியாக்களின் கூட்டம். இவற்றின் செல்லில் உட்கரு இல்லை, ஆனால் பச்சையம் உண்டு, ஒளிச்சேர்க்கையும் நடக்கிறது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது இவற்றின் மூதாதையரால்தான். செந்நிறத்தைத் தருவது பைகோஎரித்ரின் என்னும் நிறமி. பச்சையம் அவ்வளவாகப் பயன்படுத்தாத பச்சை ஒளியை இந்த நிறமி உறிஞ்சிக்கொள்கிறது.

விரலால் நெருடினால் படலம் ஏடு ஏடாக உரிந்து வரும். பகலில் அதனடியில் ஆக்சிஜன் குமிழிகள் சேரும். இரவில் படலம் மெலிந்து காணப்படும். டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒருசெல் உயிரிகளும் குமிழி கோத்த பழுப்புச் சளியாகப் படர்வதால் குழப்பம் நேர்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் வேறுபாடு தெளிவு: சயனோபாக்டீரியா பெரும்பாலும் நீண்ட இழைகளாகத் தெரியும், டைனோஃபிளாஜெல்லேட்டுகளோ தனித்தனிச் செல்களாக, பல வேளைகளில் நீந்திக்கொண்டிருக்கும். இதைப் பார்த்துத் தெளிந்துகொள்வது அவசியம். ஒன்றுக்கான மருத்துவம் மற்றதற்கு உதவாது. சத்துக் குறைந்த நீரில் டைனோஃபிளாஜெல்லேட் இன்னும் பெருகவும் கூடும்.

படலம் எங்கே தொடங்குகிறது என்று கவனித்தால் காரணம் பாதி விளங்கிவிடும். நீரோட்டம் எட்டாத மூலையிலும் பாறை இடுக்கிலும் மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் படிகின்றன. அவை அழுகும்போது வெளிப்படும் பாஸ்பேட்டே இதற்கு உணவு. படலத்தின் பசைத்தன்மை மேலும் கழிவைப் பிடித்து வைக்கிறது. அந்தக் கழிவு அடியில் அழுகி அதே படலத்துக்கு ஊட்டமாகிறது. இதனால்தான் சோதனைக் குப்பியில் பாஸ்பேட் பூஜ்யம் என்று காட்டும் தொட்டியிலும் படலம் கொழுத்து வளர்கிறது. நீரில் கலந்ததை அது உடனுக்குடன் உறிஞ்சிவிடுகிறது. சோதனைக்கு எஞ்சுவது சொற்பம். நைட்ரேட் அறவே தீர்ந்துபோன தொட்டியும் பாதுகாப்பானதல்ல. சயனோபாக்டீரியாவில் சில வகைகள் நீரில் கரைந்த நைட்ரஜன் வாயுவையே உணவாக மாற்றிக்கொள்ளும். அதனுடன் போட்டியிடும் பாசிகளால் அது முடியாது.

களைவதில் முதல் வேலை கையால் அகற்றுவது. மெல்லிய சைஃபன் குழாயால் படலத்தை உறிஞ்சி, அந்த நீரைத் தொட்டிக்குத் திருப்பாமல் வெளியே கொட்ட வேண்டும். தூரிகையால் தேய்த்துக் கலைப்பது கெடுதல், இழைகள் மிதந்து வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும். எடுத்த நீருக்கு ஈடாக, கரைந்த பொருள்களை நீக்கும் ஆர்.ஓ., டி.ஐ. வடிகட்டிகளைக் கடந்த நீரில் உப்புக் கலந்து ஊற்றுவது நல்லது. குழாய்நீரில் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் இருக்கக்கூடும்.

அடுத்தது நீரோட்டம். மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல் இருபது மடங்காவது நீர் சுழல்வது பல பவளங்களுக்கு ஏற்றது. 200 லிட்டர் தொட்டிக்கு 4,000 லிட்டர். அளவைவிட முக்கியம், நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரின் வீச்சு படலம் பிடித்த இடத்தைத் தொடுகிறதா என்பது. உறைந்த தீனியை இளக்கி, சாற்றை வடித்துவிட்டுப் போட வேண்டும். கழிவை நுரையாகப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் அதைச் சற்று நீர்த்த நிலையிலேயே வெளியேற்றும்படி வைக்கலாம். பாஸ்பேட்டை லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம், நைட்ரேட்டை 2 முதல் 10 மில்லிகிராம் என்ற அளவில் நிறுத்த முயல்வது பொதுவான வழக்கம். இரண்டையும் பூஜ்யத்துக்கு இறக்குவது பவளத்தையே பட்டினி போடுவதாகும். நத்தைகளை நம்பிப் பயனில்லை. பாசி மேயும் பெரும்பாலான நத்தைகள் இதைத் தொடுவதில்லை.

இவ்வளவும் செய்து சில வாரங்கள் பொறுத்தும் குறையாவிட்டால், விளக்கை மூன்று நாள் அணைத்து வைக்கலாம். நலமான பவளங்கள் அதைத் தாங்கும். ஆனால் இருளில் மடிந்த படலத்தை உடனே உறிஞ்சி எடுக்காவிட்டால் அதன் சத்து நீரில் கரைந்து அடுத்த தலைமுறைக்கு உரமாகும்.

கடைசி வழி எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக். பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டிப் புரத உற்பத்தியை நிறுத்துவதால், பாசிக்கொல்லி இல்லாமலே இது படலத்தை அழிக்கிறது. ஆனால் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியாக்களையும் பாதிக்கக்கூடும். படலம் மொத்தமாக மடிந்து அழுகும்போது ஆக்சிஜனும் குறையும். எனவே காற்றுக்கல் ஓடியே ஆக வேண்டும். மருந்தை ஈர்த்துவிடும் கரித்தூளை அந்த நாள்களில் எடுத்துவிட வேண்டும். மருந்துக்கான கால அளவு முடிந்ததும் கால்வாசி நீரை மாற்றி, கரித்தூளைத் திரும்ப வைத்து, அம்மோனியாவைத் தினமும் சோதிப்பது நல்லது. நீரோட்டமும் தீனியும் பழையபடியே இருந்தால், மருந்து அழித்த இடத்திலேயே படலம் மறுபடி முளைக்கும்.