வெளியூருக்குச் சரக்கு அனுப்பும் வழியைத் தெரிந்தெடுத்தல்

சிவகங்கை ஜில்லாவில், காரைக்குடியிலிருந்து தேவகோட்டை செல்லும் சாலையிலுள்ள அமராவதிபுதூரிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் விவசாயம் பெரும்பாலும் மழையையும் கண்மாய்களையும் நம்பியது. நிலத்தின் வருமானம் மட்டும் குடும்பத்திற்குப் போதாத வருஷங்கள் உண்டு. அவ்வருஷங்களில் உபதொழில் ஒன்று கையிலிருப்பது அவசியம். கவுனி அரிசி, செக்கில் ஆட்டிய கடலையெண்ணெய், சீப்புச் சீடை, தேன்குழல், மணகோலம் முதலிய பலகாரங்கள், பனையோலைக் கொட்டான் ஆகிய செட்டிநாட்டுப் பண்டங்களை இன்டர்நெட் மூலமாக வெளியூரார்க்கு விற்பது அத்தகைய உபதொழில்களில் ஒன்று. இதற்குப் பெரிய முதல் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பெண்டிரும் செய்யலாம்.

ஆயினும் இத்தொழிலில் இறங்குவோர் பண்டத்தைப் பக்குவம் செய்வதில் காட்டும் கவனத்தை அதை அனுப்புவதில் காட்டுவதில்லை. அருகிலுள்ள ஆபீசில் எது குறைந்த கூலியோ அதையே தெரிந்தெடுக்கின்றனர். இது தவறான கணக்கு. பண்டம் சேதமின்றி வாங்குவோர் கையை அடைந்து, அதற்குரிய பணமும் விற்றவர் கைக்கு வந்து சேரும் வரையில் ஆகும் மொத்தச் செலவே உண்மையான அனுப்புச் செலவாகும். அதைக் கண்டறியும் விதம் கீழே விவரிக்கப்படுகிறது.

பண்டத்தின் தன்மை

முதலில் கவனிக்க வேண்டியது பண்டத்தின் தன்மை. கவுனி அரிசி கனமானது, எளிதில் கெடாது, உடையும் என்ற பயமும் இல்லை. அதற்கு வேகம் முக்கியமன்று. நான்கு நாட்களில் சேர்ந்தாலும் எட்டு நாட்களில் சேர்ந்தாலும் நஷ்டமில்லை. ஆகையால் தரைவழியாகச் செல்லும் மலிவான பார்சலே அதற்கு ஏற்றது. ஆனால் ஈரம் 13 சதவீதத்திற்கு மேற்படாதவாறு உலர்த்தி, காற்றை நீக்கிய பைகளில் அடைத்து அனுப்பினால்தான் வழியில் வண்டு விழாமலிருக்கும்.

பலகாரங்கள் இதற்கு நேர் எதிரானவை. அவை இலேசானவை, இடத்தை அடைப்பவை, நொறுங்குபவை. காற்றுப்பட்டால் நமுத்துப் போகும். மேலும், விற்பனைக்குரிய ஆயுளில் ஒவ்வொரு நாளும் மதிப்புள்ளது. இன்டர்நெட்டில் உணவு விற்கும் நிறுவனங்கள், வாங்குவோரிடம் சேரும்போது பண்டத்தின் ஆயுளில் 30 சதவீதமோ, அல்லது காலாவதிக்கு முன் 45 நாட்களோ மீதமிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டுமென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் அறிவுறுத்தியது. முப்பது நாள் ஆயுளுள்ள பலகாரம் பத்து நாள் வழியில் கழித்தால் வாங்குவோர்க்கு என்ன மிஞ்சும் என்பதை யோசிக்க வேண்டும். எனவே இவற்றிற்குக் கூலி சற்று அதிகமாயினும் விரைவான வழியே தக்கது.

எண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம் நிறையுள்ளது. அது கசிந்தால் தன் பார்சலுடன் பக்கத்துப் பார்சல்களையும் கெடுக்கும். திரவப் பண்டங்களை விமானத்தில் ஏற்ற மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆகையால் முன்னதாகவே விசாரித்து, தரைவழியாக அனுப்புவது நலம். கொட்டான்களோ நிறையே இல்லாமல் இடத்தை மட்டும் அடைப்பவை. பெரியதற்குள் சிறியதாக அடுக்கி அனுப்பினால் கூலி வெகுவாகக் குறையும்.

நிறையும் பருமனும்

கூலி விதிப்பதில் பலர் அறியாத விஷயம் ஒன்றுண்டு. பார்சலைத் தராசிலிட்டு எடுத்த நிறை ஒன்று. அதன் பருமனிலிருந்து கணக்கிட்ட நிறை மற்றொன்று. இரண்டில் எது அதிகமோ அதற்கே கூலி வசூலிப்பது கூரியர் நிறுவனங்களில் வழக்கம். பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் அளந்து, மூன்றையும் பெருக்கி, வந்த தொகையை 5000-ஆல் வகுத்தால் பருமன் நிறை கிலோகிராமில் கிடைக்கும். சில நிறுவனங்கள் வேறு எண்ணால் வகுப்பதால் அதைக் கேட்டறிந்து கொள்ளவேண்டும்.

உதாரணமாக, 30 சென்டிமீட்டர் நீளமும் 25 அகலமும் 20 உயரமும் உள்ள பெட்டியில் ஒன்றரைக் கிலோ தேன்குழல் அனுப்புவதாகக் கொள்வோம். பெருக்கிய தொகை 15,000. பருமன் நிறை 3 கிலோ. ஒன்றரைக் கிலோ பண்டத்திற்கு மூன்று கிலோவுக்குரிய கூலி கொடுக்க நேர்கிறது. இரண்டு கிலோ கவுனி அரிசியை 20, 15, 10 அளவுள்ள பெட்டியில் அடைத்தால் பருமன் நிறை 600 கிராமே. அங்கே தராசு நிறைக்கே கூலி. ஆகையால் அரிசி அனுப்புவோர் நிறையைக் குறைக்கவும், பலகாரம் அனுப்புவோர் பெட்டியைக் குறைக்கவும் வழி தேடவேண்டும். கையில் அகப்பட்ட பெட்டியில் எல்லாவற்றையும் அனுப்பாமல், இரண்டு மூன்று அளவுகளில் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வது சிக்கனமாகும்.

கூலி அரைக் கிலோப் படிகளாக ஏறுவதையும் கவனிக்கவேண்டும். ஒரு கிலோ அரிசியுடன் பையும் பெட்டியும் சேர்ந்தால் 1,150 கிராம் ஆகும். கூலியோ ஒன்றரைக் கிலோவுக்கு. அதே பெட்டியில் கால் கிலோ உளுந்தையும் சேர்த்து விற்றால் அதிகக் கூலியின்றி அதிகப் பண்டம் போகும்.

அனுப்பும் வழிகள்

தபால் இலாகா நாடெங்கும் 1,64,000-க்கு மேற்பட்ட தபாலாபீசுகளை உடையது. அவற்றுள் பெரும்பாலானவை கிராமங்களில் உள்ளன. கூரியர் ஆட்கள் செல்லாத குக்கிராமத்திற்கும் தபால்காரர் செல்வார். இதுவே தபாலின் பெரிய அநுகூலம். 1986-இல் தொடங்கிய விரைவுத் தபாலில் ஒவ்வொரு பார்சலுக்கும் தனி எண் உண்டு. அதைக் கொண்டு பார்சல் எங்கிருக்கிறது என்பதை அறியலாம். உள்நாட்டுப் பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுவிட்டபடியால், பழைய பதிவுத் தபால் கூலியை மனத்திற் கொண்டு விலை வைத்தவர்கள் தங்கள் கணக்கைத் திருத்திக்கொள்வது அவசியம்.

கூரியர் நிறுவனங்கள் நகரங்களுக்கிடையே விரைவாகச் சேர்ப்பிக்கும். சில வீட்டிற்கே வந்து பார்சலை எடுத்துக்கொள்ளும். ஒரே நிறுவனம் எல்லா ஊர்களுக்கும் ஒரேவிதமாகச் சேவை செய்வதில்லை. பல கூரியர்களை ஒருங்கே அமர்த்தித் தரும் இடைநிலை நிறுவனங்களும் உண்டு. தினம் இரண்டு மூன்று பார்சல் அனுப்புவோர்க்குத் தனியே கிடைக்காத சலுகைக் கூலி அவற்றின் மூலம் கிடைக்கக்கூடும். ஆனால் முன்பணம் கட்டவேண்டும். நிறையைப்பற்றித் தகராறு ஏற்பட்டால் அப்பணத்திலிருந்தே பிடித்துக்கொள்வர். ஆகையால் ஒவ்வொரு பார்சலையும் தராசின்மீது வைத்தும், அளவுகோலுடனும் போட்டோ எடுத்து வைப்பது நல்ல காப்பாகும்.

சென்னை, கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் ஒரே கடைக்காரர்க்கு இருபது, முப்பது கிலோ அனுப்பவேண்டின், பஸ் பார்சலும் லாரி பார்சலுமே மலிவு. வாங்குபவர் ஆபீசுக்கு வந்து எடுத்துக்கொள்ள இசையவேண்டும் என்பது ஒன்றே இதிலுள்ள கஷ்டம்.

விலாசத்தில் பின்கோடு சரியாயிருத்தல் மிக முக்கியம். 1972 ஆகஸ்டு 15 முதல் வழங்கிவரும் இந்த ஆறு இலக்க எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் பிரிக்கும் ஜில்லாவையும், கடைசி மூன்று சேர்க்கும் தபாலாபீசையும் குறிக்கும். ஓர் இலக்கம் மாறினும் பார்சல் வேறு இடத்திற்குப் போய்த் திரும்பக்கூடும். டெலிபோன் எண்ணையும் தவறாது எழுதவேண்டும்.

கட்டும் விதம்

பலகாரங்களைக் காற்றுப் புகாத பைகளில் மூட்டி, அவற்றை ஐந்தடுக்கு அட்டைப் பெட்டியில் வைத்து, இடைவெளிகளைக் காகிதச் சுருள்களால் நிரப்பவேண்டும். வைக்கோல் பூச்சிகளுக்கு இடங்கொடுக்குமாதலால் உணவுப் பண்டங்களுக்கு ஆகாது. கட்டி முடிந்த பெட்டியைக் குலுக்கினால் உள்ளே ஓசை கேட்கக்கூடாது. புதிதாக ஒரு பெட்டியை உபயோகிக்கத் தொடங்குமுன், நிறைந்த பெட்டியை இடுப்பளவு உயரத்திலிருந்து பலமுறை தரையில் விழவிட்டுத் திறந்து பார்ப்பது நல்ல பரீட்சை. எண்ணெய்ப் புட்டியின் மூடியை மெழுகுத் தாளால் இறுக்கி, தடித்த பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, சுற்றிலும் மரத்தூள் அல்லது பழந்துணி அடைக்கவேண்டும். கசிந்தாலும் அது உறிஞ்சிக்கொள்ளும். உணவுப் பொட்டலங்களில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு எண், தயாரித்த தேதி, நிகர நிறை ஆகியவை தெளிவாக இருக்கவேண்டும்.

பணம் பெறும் முறையும் திரும்பிவரும் பார்சலும்

பண்டத்தைக் கொடுத்துப் பணம் வாங்கிவரும் முறை நம் நாட்டிற்குப் புதிதன்று. தபாலில் வி.பி. முறை 1877-இலேயே ஏற்பட்டது. கூரியர்களின் கேஷ் ஆன் டெலிவரியும் அதே ஏற்பாடுதான். வாங்குவோர்க்கு இது நம்பிக்கை தரும். ஆனால் பார்சல் மறுக்கப்பட்டுத் திரும்பினால் நஷ்டம் முழுவதும் விற்பவருடையது.

கணக்குக்காக ஒரு பார்சலின் விலை 400 ரூபாய், பண்டத்தின் அடக்கம் 260, பெட்டி முதலியன 20, கூலி 60, லாபம் 60 என்று கொள்வோம். பார்சல் திரும்பிவந்தால் போன கூலி 60, வந்த கூலி 60, பெட்டி 20, ஆக 140 ரூபாய் நஷ்டம். பத்து அரிசிப் பார்சல்களில் இரண்டு திரும்பினால், எட்டின் லாபமாகிய 480 ரூபாயில் 280 போய் 200 ரூபாயே மிஞ்சும். பலகாரமாயின் திரும்பி வந்தது விற்பனைக்கு உதவாது. ஒவ்வொன்றுக்கும் 400 ரூபாய் நஷ்டம். அப்பொழுது லாபம் 480, நஷ்டம் 800. பத்துப் பார்சல் அனுப்பி உழைத்த குடும்பம் கையிலிருந்து 320 ரூபாய் இழக்கும்.

இதற்குப் பதிலாக, முன்பணம் செலுத்துவோர்க்கு 20 ரூபாய் தள்ளுபடி கொடுத்தால் பார்சலுக்கு 40 வீதம் பத்துக்கு 400 ரூபாய் நிச்சயமாகக் கிடைக்கும். ஆகவே பலகாரங்களை முன்பணத்திற்கே அனுப்புவது உத்தமம். அரிசி போன்றவற்றைக் கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்பினும், முன்னதாக டெலிபோனில் பேசி உறுதி செய்துகொண்ட பின்னரே அனுப்பவேண்டும்.

பருவம்

பலகாரங்களுக்குத் தேவை மிகுவது தீபாவளியை ஒட்டி. வடகிழக்குப் பருவமழையும் அதே காலத்தில்தான். அப்பொழுது பார்சல்கள் குவிந்து தாமதமாகும், பெட்டிகளும் நனையும். ஆகையால் பண்டிகைக்குப் பத்து நாட்களுக்கு முன்னரே கடைசித் தேதி ஒன்றை அறிவித்து, அதற்குமேல் ஆர்டர் ஏற்காதிருப்பது நல்லது. பெட்டிக்கு வெளியே பிளாஸ்டிக் உறை இடுதலும் அவசியம்.

வெளிநாடு

சிங்கப்பூர், மலேசியா முதலிய இடங்களுக்கு வியாபாரமாக அனுப்ப விரும்புவோர்க்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். தபால் இலாகா 2022 முதல் டாக் கர் நிர்யாத் கேந்திரங்களை ஏற்படுத்தி, சிறு ஏற்றுமதியாளர் சுங்கப் பத்திரங்களைத் தாமே கம்ப்யூட்டர் வழியே தாக்கல் செய்ய வகை செய்திருக்கிறது. ஆயினும் தானியங்கள், உணவுப் பண்டங்கள் விஷயத்தில் பெறும் நாட்டின் சட்டங்கள் கடுமையானவை. அவற்றை அறியாமல் ஒரு பொட்டலமும் அனுப்பக்கூடாது. கொட்டான் போன்ற கைவேலைப் பொருள்களானாலும், அவை ஓலையாலானவை என்பதால், அந்நாட்டு விதிகளை முதலில் விசாரிக்க வேண்டும்.

சுருக்கம்

புதிதாகத் தொடங்குவோர் முதல் மாதம் இரண்டு வழிகளில் பத்துப் பத்துப் பார்சல்கள் அனுப்பி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஊர், நிறை, பருமன், கூலி, சேர்ந்த நாள், சேதம், திரும்பியவை ஆகியவற்றைக் குறித்து வரவேண்டும். மாத முடிவில் மொத்தச் செலவைச் சேதமின்றிச் சேர்ந்த பார்சல்களின் எண்ணிக்கையால் வகுத்தால், எந்தப் பண்டத்திற்கு எந்த வழி மலிவு என்பது அவரவர் கணக்கிலேயே விளங்கும். வயலில் விதைக்கும் விளைவுக்கும் கணக்கு வைப்பவர் பார்சலுக்கும் அவ்வாறே கணக்கு வைப்பாராயின், இவ்வுபதொழிலில் பட்ட பாட்டிற்குரிய பலன் குடும்பத்திற்கே வந்து சேரும்.