இசைத்தட்டும் ஊசியும்

ஒலியைத் தட்டிற் பதித்து வேண்டும்போது கேட்கும் முறையை எமில் பேளினர் 1887 ஆம் ஆண்டில் வகுத்தார். ஒளித்தட்டும் இணையமும் வந்தபின் அக்கலை மாய்ந்துவிடுமெனப் பலர் எண்ணினர். அவ்வாறு நிகழவில்லை. வைனைல் தட்டுக்கள் மீண்டும் வெளிவருகின்றன. அவற்றோடு, ஒலியைத் திருத்துவன எனப்படும் துணைக்கருவிகளும் பலவாக விலைப்படுகின்றன. அவற்றுள் எவை பயன் தருவன, எவை பணத்தை விழுங்குவன என்பது ஆராயத்தக்கது.

முதற்கண் தட்டின் இயல்பை அறிதல் வேண்டும். 1948 இல் கொலம்பியா நிறுவனத்தார் வெளியிட்ட நெடுநேரத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்வது. இருபது நிமிடம் ஒலிக்கும் ஒரு பக்கத்தின் பள்ளத்தை நீட்டி வைப்பின் அஃது ஏறத்தாழ 400 மீற்றர் செல்லும். அகலமோ தலைமயிரின் தடிப்பளவினதே. பள்ளச் சுவர்களின் நெளிவுகளே இசையாவன. ஊசிமுனை அச்சுவர்களைத் தொடுமிடம் மிகச் சிறிதாதலின், இரண்டு கிராம் நிறையே ஆங்குச் சதுர சென்ரிமீற்றருக்கு ஆயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட அழுத்தமாகின்றது. அவ்வழுத்தத்தில் அகப்பட்ட தூசி சுவரைக் கீறும். வைனைலோ மின்கடத்தாப் பொருள். உராய்வால் நிலைமின் ஏற்றுத் தூசியைத் தானே இழுத்துக்கொள்ளும். ஆகவே, மின்னைக் கடத்தும் காபன் நார்த் தூரிகையே முதலில் வாங்கத்தக்கது. ஊசிக்குந் தனித் தூரிகை வேண்டும். அதனைப் பின்னிருந்து முன்னாகவே இழுத்தல் வேண்டும்.

அடுத்தது ஊசியின் பாரத்தை அளக்குஞ் சிறு தராசு. பாரங் குறையக் குறையத் தட்டுக்கு நன்மை என்று கருதுவோர் பலர். யானும் நெடுங்காலம் அவ்வாறே கருதினேன். உண்மை வேறு. பாரம் போதாதவிடத்து ஊசி நெளிவுகளைப் பின்தொடர இயலாது துள்ளும். துள்ளி விழும்போது சுவரை மோதிச் சிதைக்கும். உரத்த இடங்களிற் கேட்குங் கரகரப்பு இதற்கு அறிகுறி. ஊசியை ஆக்கியோர் குறித்த எல்லைக்குள், நடுவிற்கு மேலாகவே பாரத்தை அமைத்தல் நன்று. சுழல்பீடம் மட்டமாயிருக்கின்றதா என்பதற்குக் கொத்தனாரின் இரசமட்டமே போதும்.

நடுவில் வைக்கும் பாரக்கட்டை, வளைந்த தட்டுக்கு ஓரளவு உதவும். மிகப் பாரமாயின் அச்சைத் தேய்க்கும். பெருவிலைக் கம்பிவடங்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. அப்பணத்துக்குப் புதிய ஊசி வாங்கலாம்.

இனி, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுக்கள். இவை பெரும்பாலும் அரக்கும் கற்பொடியுங் கலந்து ஆக்கப்பட்டவை. இவற்றின் பள்ளம் அகன்றது. ஊசிமுனையின் ஆரை ஏறத்தாழ 0.075 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். நெடுநேரத் தட்டின் ஊசிக்கு அது 0.025 அல்லது அதனிலுங் குறைவு. அவ்வூசியை இதிலிட்டாற் பள்ளத்தின் அடியிலே உழன்று இரைச்சலையே எழுப்பும். இதனினுங் கொடியது துப்புரவுத் திரவம். வைனைலுக்கென விற்கப்படுவனவற்றுட் பலவற்றில் அற்ககோல் உண்டு. அற்ககோல் அரக்கைக் கரைக்கும்.

இதனை யான் நூலிலிருந்து கற்றேனல்லேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையவர்களின் தோடி பதிந்த தட்டொன்று பாட்டனார் வழியாக எனக்குக் கிடைத்தது. அதனைப் புதுத் திரவமிட்டுத் துடைத்தேன். துணியிற் கருமை படிந்தது. அழுக்கு நீங்குகின்றதென மகிழ்ந்து மேலும் அழுத்தித் துடைத்தேன். அத்தட்டிற் கைபடாத ஓரத்துச் சில சுற்றுக்கள் மட்டும் இன்றும் தெளிவாக ஒலிக்கின்றன.